'யாரால்?' என்ற கேள்வியும் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவும்

அக்குறணைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அண்மையில் எம்மைச் சந்தித்தபோது, தமது வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியைக் கூறினார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவிகள், செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினை வாக்கியங்களாக மாற்றும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனராம். 'சிறுவன் யன்னலை உடைத்தான்' என்பது முதல் வாக்கியம். 'யன்னல் சிறுவனால் உடைக்கப்பட்டது' என்பது விடை. 'சிறுவனால்' என்பதை எழுதாமல் விட்டாலும் விடை சரியே என்று ஆசிரியை கூறியிருக்கிறார். உடனே ஒரு மாணவி எழுந்து, "முதல் வாக்கியத்தில் சிறுவனை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் பிழை என்கிறீர்கள். இரண்டாவதில் விட்டால் சரி என்கிறீர்கள். இரண்டும் ஒரே செய்தியைத்தானே சொல்கின்றன? சிறுவனுக்கு மட்டும் எப்படி இந்த விடுதலை கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறாள்.

பாடநூலில் இதற்கு விடை இல்லை. அங்கே இருப்பது வாய்பாடு மட்டுமே. எழுவாயைப் பின்னுக்குத் தள்ளு, செயப்படுபொருளை முன்னுக்கு எடு, துணைவினையைச் சேர், அவ்வளவுதான். ஆனால் அம்மாணவியின் கேள்வி, மொழியியலாளர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் விடயத்தின் மையத்தைத் தொடுகின்றது. அதுமட்டுமன்றி, அவள் வாழும் கண்டி மாவட்டத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றில் ஓர் ஆறாத புண்ணையும் தொடுகின்றது. முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம்.

ஒவ்வொரு வினைச்சொல்லும் தனக்கு இத்தனை பங்காளர் வேண்டும் என்று கேட்கின்றது. 'தூங்கு' என்ற வினைக்கு ஒருவர் போதும். 'உடை' என்பதற்கு உடைப்பவரும் வேண்டும், உடைபடும் பொருளும் வேண்டும். 'கொடு' என்பதற்கு மூவர் தேவை. கொடுப்பவர், கொடுக்கப்படும் பொருள், பெறுபவர். ஒரு வினை எத்தனை பங்காளரை வேண்டுகின்றது, அவர்களை வாக்கியத்தின் எந்த இடத்தில் இருத்துகின்றது என்பதையே இன்றைய மொழியியல் வினையின் பங்கமைப்பு என ஆராய்கின்றது. இது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை அன்று. தொழில் ஒன்று நிகழ்வதற்கு வேண்டியவற்றைத் தொல்காப்பியர் எட்டாக எண்ணிக் காட்டினார். நன்னூலார் வினைச்சொல் உணர்த்துபவற்றை ஆறாக வகுத்தார். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள் என்பனவே அந்த ஆறு. முதலாவதாக வருபவன் செய்பவன் என்பதை வாசகர்கள் கவனிக்கவும்.

செயப்பாட்டு வினை செய்வது யாதெனில், இந்தப் பங்காளரின் வரிசையைக் குலைப்பதுதான். செயப்படுபொருளுக்கு எழுவாயின் ஆசனம் கிடைக்கின்றது. செய்தவர் அந்த ஆசனத்தை இழந்து, வாக்கியத்தின் வாசலில் நிற்கும் விருந்தாளி ஆகிறார். அவரை உள்ளே அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் எழுதுபவரின் விருப்பம். இரு பங்காளரைக் கட்டாயமாக வேண்டிய வினை, இப்போது ஒருவரோடு திருப்தியடைந்து விடுகின்றது. 'கொடு' போன்ற மூவர் வினையானால் இருவரோடு அமையும். 'புத்தகம் அவனுக்குக் கொடுக்கப்பட்டது' என்று பொருளையும் எழுவாயாக்கலாம். ஆங்கிலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. பெறுபவரையே எழுவாயாக்கி, அவர் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டார் என்பது போன்ற அமைப்பிலும் எழுதலாம். தமிழில் இது ஒவ்வாது. ஒரே பங்காளரைக் கொண்ட வினையைச் செயப்பாட்டு வினையாக்கவே இயலாது. நமது மாணவர்கள் 'விபத்து நிகழ்ந்தது' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'வாஸ் ஹெப்பண்ட்' என்று எழுதி மதிப்பெண் இழப்பது இதனை அறியாமையாலேயே. நிகழ்வது என்ற வினையில் பின்னுக்குத் தள்ளுவதற்கு ஒரு செய்பவரே இல்லை.

மாணவியின் கேள்விக்கு இதுவே விடை. ஆயினும் பாதி விடைதான். செய்தவரை வாக்கியத்தில் இருந்து நீக்கலாமே தவிர, வினையின் பொருளில் இருந்து நீக்க முடியாது என்பதே மறுபாதி. இதனைச் சோதித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. 'கடை எரிந்தது', 'கடை எரிக்கப்பட்டது' என்ற இரு வாக்கியங்களிலும் எரித்தவர் பெயர் இல்லை. இரண்டிலும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். 'கடை வேண்டுமென்றே எரிக்கப்பட்டது' என்பது இயல்பாக இருக்கின்றது. 'கடை வேண்டுமென்றே எரிந்தது' என்றால் சிரிப்பு வருகின்றது. 'காப்புறுதிப் பணத்தைப் பெறுவதற்காகக் கடை எரிக்கப்பட்டது' என்று கூறலாம். 'பெறுவதற்காகக் கடை எரிந்தது' என்று கூறமுடியாது. நோக்கமும் வேண்டுமென்றே செய்தலும் மனிதருக்கே உரியவை. எனவே 'எரிக்கப்பட்டது' என்னும் சொல்லுக்குள் ஒரு மனிதர் பெயரின்றி மறைந்து நிற்கிறார். 'எரிந்தது' என்பதற்குள் எவருமே இல்லை.

தமிழ் இவ்விரண்டையும் வினையின் வடிவத்திலேயே பிரித்துக் காட்டுகின்றது. எரிந்தது, எரித்தது. உடைந்தது, உடைத்தது. ஓடியது, ஓட்டியது. ஆங்கிலத்தில் 'பேர்ன்', 'பிரேக்' முதலிய சொற்கள் ஒரே வடிவில் இரு வேலையையும் செய்கின்றன. தொல்காப்பியர் இன்னுமொரு நுட்பத்தையும் கண்டார். செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் வழக்கு உண்டு என்றார் அவர். திண்ணை மெழுகியது என்று உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் அத்தகையது. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகிய பெண்ணின் பெயர்தான் வாக்கியத்தில் இல்லை.

இனி, கண்டிக்கு வருவோம்.

1815 மார்ச் 2 ஆம் திகதி. தலதா மாளிகைக்கு அருகே இன்றும் நிற்கும் மகுல் மடுவ என்ற அரச சபா மண்டபம். தேசாதிபதி ரொபர்ட் பிரவுண்றிக் ஒருபுறம், அதிகாரமாரும் திசாவைகளும் உள்ளிட்ட கண்டிப் பிரதானிகள் மறுபுறம். 12 பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்த மண்டபத்தில் இல்லை. பெப்ரவரி 18 இல் சிறைபிடிக்கப்பட்ட அவன், பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான்.

இந்த ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தை வரலாற்று மாணவராக அன்றி, இலக்கண மாணவராக வாசிப்பவருக்கு ஆச்சரியம் காத்திருக்கின்றது. இரண்டாம் பிரிவைப் பாருங்கள். அரசனுக்குரிய புனிதக் கடமைகளைத் தொடர்ந்து மீறியதால் ராஜா அப்பட்டத்திற்கான உரிமை அனைத்தையும் இழந்துவிட்டான் என்பது அதன் முதற்பகுதி. இது செய்வினை. இழந்தவன் அவனே. எழுவாயும் அவனே. அடுத்த பகுதியில் நடை மாறுகின்றது. அவன் வீழ்ந்தவனாகவும் பதவி நீக்கப்பட்டவனாகவும் அறிவிக்கப்படுகிறான். அவனுடைய குடும்பத்தினர் அரியணையில் இருந்து என்றென்றும் விலக்கப்படுகின்றனர். கண்டி மாகாணங்களின் மீது மலபார் இனத்தவருக்கு இருந்த உரிமை ஒழிக்கப்படுகின்றது. அறிவிப்பது யார், விலக்குவது யார், ஒழிப்பது யார்? வாசகம் கூறவில்லை. குற்றத்திற்குச் செய்வினை, தண்டனைக்குச் செயப்பாட்டு வினை என்று பங்கிட்டிருக்கிறார்கள்.

'மீறியதால்' என்பதில் உள்ள 'ஆல்' உருபைக் கண்டு எவரும் ஏமாற வேண்டாம். தமிழில் மூன்றாம் வேற்றுமை கருவியையும் காட்டும், கருத்தாவையும் காட்டும். 'வாளால் வெட்டப்பட்டான்', 'மன்னனால் வெட்டப்பட்டான்' ஆகிய இரண்டிலும் ஒரே உருபுதான். ஆங்கிலத்தின் 'பை' என்ற சொல்லும் அவ்வாறே இரு முகம் கொண்டது. இரண்டாம் பிரிவில் அது நிற்பது அரசன் எவ்வாறு இழந்தான் என்பதைக் கூறவேயன்றி, யார் அவனை நீக்கினார் என்பதைக் கூற அன்று. ஆனால் விரைந்து வாசிப்பவருக்குக் காலியான ஆசனம் நிரம்பியிருப்பதுபோலத் தோன்றும்.

மலபார் என்ற சொல் அன்றைய ஆங்கிலேயர் தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த சொல் என்பதை நமது வாசகர்கள் அறிவர். மூன்றாம் பிரிவு, 'இப்போது வெளியேற்றப்பட்டுள்ள' மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது என்கின்றது. வெளியேற்றப்பட்டுள்ள என்னும் அந்த எச்சம் போகிறபோக்கில் வந்து விழுகின்றது. ஏற்கெனவே நடந்து முடிந்த, யாரும் கேள்வி கேட்க வேண்டாத காரியம் போல.

நான்காம் பிரிவில் காட்சி வேறு. கண்டி மாகாணங்களின் ஆட்சியதிகாரம் பிரித்தானியப் பேரரசின் முடிக்கு உரித்தாக்கப்படுகின்றது. இதுவும் செயப்பாட்டு வினைதான். ஆனால் அந்த அதிகாரம் தேசாதிபதிகள் மூலமும், லெப்டினன்ட் தேசாதிபதிகள் மூலமும், அவர்களின் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் மூலமும் செலுத்தப்படும் என்று ஒவ்வொருவராகப் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளது. ஏழாம் பிரிவில் மரணதண்டனை பற்றிய விதியிலும் தேசாதிபதியின் எழுத்துமூலக் கட்டளை இன்றி அது நிறைவேற்றப்படலாகாது என்று பொறுப்பாளர் பெயர் இருக்கின்றது. எனவே, ஒப்பந்தத்தை வரைந்தவர்களுக்குச் செய்பவரைக் குறிப்பிடத் தெரியாது என்று கூற இயலாது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றது ஐந்தாம் பிரிவு. மாகாணங்களின் பிரதானிகளும் மக்களும் பின்பற்றும் புத்த சமயம் மீறவொண்ணாதது என அறிவிக்கப்படுகின்றது. அதன் சடங்குகளும் மதகுருமாரும் வழிபாட்டிடங்களும் பேணப்படவும் பாதுகாக்கப்படவும் வேண்டும். அவ்வளவுதான். யாரால் பேணப்பட வேண்டும்? யாரால் பாதுகாக்கப்பட வேண்டும்? அதிகாரத்தைப் பற்றிய பிரிவில் ஆட்பெயர்கள் நிரம்பியிருக்க, கடமையைப் பற்றிய பிரிவில் ஆசனம் காலியாக இருக்கின்றது. திட்டமிட்டே காலியாக விட்டார்கள் என்று நாம் கூறமாட்டோம். சட்ட வரைவாளர்களுக்குச் செயப்பாட்டு வினை ஒரு பழக்கம். ஆயினும் பழக்கத்தின் விளைவை அனுபவித்தவர்கள் பிறர்.

பிரதானிகளும் பிக்குமாரும் காலியான ஆசனத்தில் யாரை இருத்தி வாசித்தனர் என்பது தெளிவு. கண்டி அரசன் செய்த காரியங்களை அவனது இடத்திற்கு வந்தவர் செய்யவேண்டும். நான்காம் பிரிவின்படி அவ்விடத்திற்கு வந்தது பிரித்தானிய முடி. இது நியாயமான வாசிப்பே என்பது எமது கருத்து. தொடக்கத்தில் ஆட்சியாளரும் அவ்வாறே நடந்துகொண்டனர். பிரதான பிக்குமாரின் நியமனப் பத்திரங்களில் தேசாதிபதி கையொப்பமிட்டார். புனித தந்ததாதுவின் காவலும் அரசின் கையில் இருந்தது.

கிறிஸ்தவ மிஷனரிமாருக்கு இது பொறுக்கவில்லை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஸ்பென்ஸ் ஹார்டி 1839 இல் இதனைக் கண்டித்து ஒரு நூலையே வெளியிட்டார். கிறிஸ்தவ அரசு ஒன்று எவ்வாறு பிற சமயத்தைப் பேணலாம் என்பது அவர்களின் கேள்வி. ஸ்டுவர்ட் மெக்கன்சி தேசாதிபதியாக இருந்த காலத்தில் நியமனப் பத்திரங்களில் கையொப்பமிட மறுத்தார். பின்னர் தந்ததாதுவின் பொறுப்பு மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடமும் தியவடன நிலமேயிடமும் ஒப்படைக்கப்பட்டது. பேணுதல் என்றால் முன்னின்று நடத்துதல் அன்று, தடுக்காதிருத்தல் மட்டுமே என்ற விளக்கம் வலுப்பெற்றது. இறுதியில் 1853 இல் ஒருவாறு இணக்கம் காணப்பட்டது. காணப்பட்டது என நாமும் எழுதிவிட்டோம்! கண்டவர் குடியேற்ற நாட்டு அரசாங்கம். பிக்குமாரைத் தானே நியமிப்பதற்குப் பதிலாக, உரியவர்கள் தெரிவு செய்தவரை ஏற்றுக்கொள்ளும் சான்றிதழை வழங்க அது முன்வந்தது. 'யாரால்' என்ற ஒரு சொல் இல்லாமையால் 38 ஆண்டுகள் கழிந்தன. இதனை இலக்கணத் தகராறு என்று அன்று எவரும் அழைக்கவில்லை. சமயத் தகராறு என்றும் அரசியல் தகராறு என்றுமே அழைத்தனர்.

இடையில் 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பின், நவம்பர் 21 இல் பிரவுண்றிக் வெளியிட்ட பிரகடனத்தையும் கூறவேண்டும். அதன் 16 ஆம் பிரிவு, புத்த சமயத்தின் குருமாரும் சடங்குகளும் ஊர்வலங்களும் முற்காலத்தில் பெற்ற மரியாதையைப் பெறும் என்கின்றது. 'பெறும்' என்பது வடிவத்தில் செய்வினை. ஆனால் பெறுபவரே எழுவாயாக நிற்க, கொடுப்பவர் கண்ணிற்படுவதில்லை. செயப்பாட்டு வினையின் உருபு இல்லாமலே அதன் வேலையைச் செய்யும் வினைகளுள் இதுவும் ஒன்று. அதே பிரிவின் பிற்பகுதியில், ஏனைய சமயத்தவர் தத்தம் சமயத்தை அமைதியாகப் பின்பற்றுவதற்கு 'அரசாங்கத்தின் பாதுகாப்பு' மறுக்கப்படுவதாகக் கொள்ளலாகாது என்றும், உரிய அனுமதியுடன் தகுந்த இடங்களில் அவர்கள் வழிபாட்டிடம் அமைக்கலாம் என்றும் சேர்க்கப்பட்டது. 1815 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் காணாத அரசாங்கம் என்ற சொல் இங்கே தலைகாட்டுகின்றது. கண்டி மாகாணங்களில் வாழ்ந்த முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் இப்பகுதி முக்கியமானது.

இவ்விரு வாசகங்களும் ஒரே தெருவில் நேருக்கு நேர் சந்தித்த இடம் கம்பளை. கண்டியில் இருந்து தெற்கே மகாவலிக் கரையோரமாகச் செல்லும் வீதியில் உள்ள இந்நகரை வாசகர்கள் நன்கறிவர். கம்பளை வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதி வழியாகச் செல்வது வழக்கம். அவ்வீதியில் கரையோரச் சோனகர் எனப்பட்ட இந்திய முஸ்லிம் வணிகர்களின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. பள்ளிவாசலுக்கு அண்மையில் வாத்திய இசையை நிறுத்திச் செல்லவேண்டும் என்று 1912 இல் அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே சட்ட மா அதிபருக்கு எதிராகக் கண்டி மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். அவருடைய ஆதாரம் 1815 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு.

மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் வரலாற்றாசிரியரும் ஆவார். 1914 ஜூனில் அவர் தேவாலயத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தின் வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. பிற்காலத்தில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்களின் கீழ் ஊர்வலங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதிகாரிகளுக்கு உண்டு என அது கொண்டது. காலியான ஆசனத்தில் மாவட்ட நீதிபதி அரசை இருத்தினார். மேல்நிலை நீதியரசர்களோ, அந்த ஆசனத்தில் யார் இருந்தாலும் பின்னைய சட்டம் அவரை எழுப்பிவிடலாம் என்றனர். இரு சாராரும் மனம் நொந்திருந்தனர். தமது உரிமை பறிக்கப்பட்டது என ஒரு சாரார் கருதினர். தமது தொழுகைக்கு மதிப்பில்லை என மறுசாரார் கருதினர்.

அவ்வாண்டு மே 28 இரவு, வெசாக் காலத்தில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே பக்திப் பாடற் குழுக்கள் சென்றபோது மோதல் மூண்டது. அது கண்டியோடு நிற்கவில்லை. மத்திய, மேல், சப்ரகமுவ, வடமேல், தென் மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2 இல் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. உத்தியோகபூர்வக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,000 இற்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. 80 இற்கும் அதிகமான பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்களவர் பலரும் உயிரிழந்தனர். கலவரத்திற்கு வணிகப் போட்டி முதல் வதந்திகள் வரை காரணங்கள் பல. ஒரு வாக்கியத்தின் இலக்கணமே அதற்குக் காரணம் என்று கூறுவது பேதைமை. ஆனால் நூறு ஆண்டுகளாக எவரும் நிரப்பாமல் விட்ட ஓர் ஆசனத்திற்காக இரு சமூகங்கள் நீதிமன்றத்தில் நின்றன என்பதையும், அவ்வழக்கின் கசப்பு ஆறுமுன்பே கண்டித் தெருவில் கல் பறந்தது என்பதையும் மறுக்க இயலாது.

இன்றைய அரசியலமைப்பில் இந்த ஆசனம் காலியாக இல்லை. 1972 ஆம் ஆண்டு யாப்பின் 6 ஆம் பிரிவும் 1978 ஆம் ஆண்டு யாப்பின் 9 ஆம் உறுப்புரையும் பௌத்த மதத்திற்கு முதன்மைத் தானம் வழங்குவது இலங்கைக் குடியரசு என்றும், பாதுகாத்துப் பேணுவது அரசின் கடமை என்றும் செய்வினையில் கூறுகின்றன. அதனை விரும்புவோரும் உளர், விரும்பாதோரும் உளர். அவ்விவாதம் வேறு. எவருடைய கடமை என்று தேடவேண்டிய நிலை இல்லை என்பது மட்டுமே இங்கு நாம் கூறுவது.

சட்ட வரைவாளரைக் குறைகூறுமுன் நமது தொழிலையும் நோக்கவேண்டும். பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அரிது. கண்டித் தெருவில் எவரும் 'கடை எரிக்கப்பட்டது' என்று கூறுவதில்லை. 'கடைய எரிச்சிட்டாங்க' என்கின்றனர். யார் என்று தெரியாவிட்டாலும் 'ஆங்க' என்ற விகுதியில் மனிதர்கள் இருக்கிறார்கள். பத்திரிகைத் தமிழில்தான் 'பட்டது', 'பட்டனர்' என்பன புற்றீசலாய்ப் பெருகியுள்ளன. யுத்தகாலத்தில் பத்திரிகைப் பணியில் இருந்த எம்மவர்க்கு இதன் காரணம் தெரியும். 'இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்' என்ற வாக்கியத்தை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பினோம் என்பதற்குக் கணக்கில்லை. இலக்கணப்படி அது முழுமையான செயப்பாட்டு வாக்கியம். கருத்தாவுக்குரிய 'ஆல்' உருபும் உண்டு. ஆயினும் அந்த இடத்தில் இருந்தது வெற்றுப் பாத்திரம். சில வேளைகளில் செய்தவர் உண்மையாகவே தெரியவில்லை. பல வேளைகளில் ஊருக்கே தெரிந்திருந்தது. எழுதினால் செய்தியாளரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அந்நாட்களில் செயப்பாட்டு வினை எமக்குக் கவசமாக இருந்தது. அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் கவசம் தேவைப்படாத இடத்திலும் அதனை அணிந்து பழகிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை எழுதும் முறையைப் பாருங்கள். 'முஸ்லிம்கள் வெளியேறினர்' என்று எழுதியவர்கள் உண்டு. அது அவர்களே விரும்பிச் சென்றது போன்ற பொய். 'வெளியேற்றப்பட்டனர்' என்று எழுதியவர்கள் மிகப் பலர். அது உண்மை, ஆயினும் பாதி உண்மை. 'தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர்' என்று எழுதத் தமிழ்ப் பத்திரிகையுலகில் பலருக்கு நெடுங்காலம் கை எழவில்லை. கண்டியிலும் புத்தளத்திலும் தஞ்சம் புகுந்த அக்குடும்பங்கள் இவ்வேறுபாட்டை நம்மைவிட நன்கு உணர்ந்தவை.

மலையகத் தமிழரின் கதையிலும் இதே வித்தை நடந்திருக்கின்றது, சற்று வேறு வேடத்தில். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய ஸ்ரீமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதாக இரு அரசுகளும் ஒத்திவைத்தன. கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் விட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணாற் கண்டிராதவர்கள். அவர்களுக்குத் தமிழகத்தில் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. செயப்பாட்டு வினையின் சாயலே இல்லை. திரும்பியோர் என்பது செய்வினை. தாமே நடந்து, தாமே திரும்பியவர்கள். அனுப்பிய இரு அரசுகளுக்கும் அந்தச் சொல்லில் இடமே இல்லை. 'அனுப்பப்பட்டோர்' என்றிருந்தால், குறைந்தபட்சம் அனுப்பியது யார் என்று கேட்கவாவது ஓர் இடைவெளி இருந்திருக்கும். செயப்பாட்டு வினையைவிட மோசமான மறைப்பும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, ஆங்கில இலக்கண நூல்கள் சில கூறுவதுபோலச் செயப்பாட்டு வினையை முற்றாக ஒதுக்குக என்று நாம் கூறவில்லை. 'பேராதனைப் பாலம் திருத்தப்பட்டது' என்பதில் மேசன்மாரின் பெயர்ப்பட்டியல் எவருக்கும் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரே செய்தியின் மையமாக இருக்கும்போது அவரை எழுவாயாக்குவதே முறை. நீதிமன்றில் வழக்கு நிலுவையில் இருக்கையில் சந்தேகநபரை எழுவாயாக்குவது அநீதி.

2018 மார்ச் 5 ஆம் திகதி திகனையில் தொடங்கிய வன்செயலின்போது எமது மேசைக்கு வந்த முதற் செய்திகளில் மூன்று வினைகள் கலந்திருந்தன. கடைகள் எரிந்தன, கடைகள் தீக்கிரையாகின, கடைகள் எரிக்கப்பட்டன. எழுதியவர்கள் எவரும் தவறான நோக்கம் கொண்டவர்கள் அல்லர். அவசரத்தில் கைக்கு வந்த வினையை எழுதினர். மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்ட பின்னர், அக்குறணையில் இருந்தும் தெல்தெனியவில் இருந்தும் தொலைபேசியில் பேசிய வாசகர்களில் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "ஐயா, என்னுடைய கடை எரிந்தது என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு மின்னொழுக்கா?" அடுத்த பதிப்பில் 'எரிக்கப்பட்டது' என்று திருத்தினோம். யாரால் என்ற இடம் அப்போதும் காலியாகவே இருந்தது. விசாரணை முடியவில்லை.

அக்குறணை ஆசிரியையிடம் இவை அனைத்தையும் கூறி முடிக்க ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. அந்த மாணவிக்கு வகுப்பில் எவ்வளவைக் கூறுவது என்று அவர் யோசித்தார். உடைந்த யன்னலுக்கும் எரிந்த கடைக்கும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையை மட்டும் முதலில் கொடுக்கப்போவதாகக் கூறினார். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை வரலாற்றுப் பாட ஆசிரியரோடு பேசி அடுத்த தவணையில் எடுப்பதாக இருக்கிறார்.